நாடு கடக்கும் தராதரப் பத்திரம்

விழா மலரொன்றிற் பரீட்சையைப் பற்றி எழுதுவது, கலியாண வீட்டிற் கடன் கணக்குப் பேசுவதை ஒக்கும் எனச் சிலர் எண்ணுதல் கூடும். ஆயினும், பழைய மாணவர் நால்வர் ஒருங்கு கூடின், விடுதியில் உண்ட உணவையும், விளையாட்டுப் போட்டிகளையும், ஆசிரியரிடம் வாங்கிய ஏச்சையும் பேசி முடித்த பின்னர், எவர் எந்தப் பரீட்சையில் எவ்வாறு சித்தியெய்தினார் என்ற இடத்திலேயே வந்து நிற்பர். நமது கல்லூரி போன்ற கல்லூரிகளின் வரலாற்றிற் பெரும் பகுதி பரீட்சைகளின் வரலாறேயாம். ஆதலின் இப்பொருள் விழாவிற்குப் புறம்பானதன்று.

இக்காலத்துப் பெற்றோர் பலர் நம்மிடத்துக் கேட்கும் வினா ஒன்றுண்டு. "பிள்ளையைக் கேம்பிறிட்ஜ் பரீட்சைக்கு விடுவதா, இலண்டன் பரீட்சைக்கு விடுவதா, அன்றிச் சர்வதேச பக்கலோரியா என்று சொல்கிறார்களே, அதற்கு விடுவதா? எந்தப் பத்திரம் எல்லா நாட்டிலும் செல்லும்?" என்பதே அவ்வினா. காணியை ஈடு வைத்தேனும் கட்டணங் கட்டத் துணிந்து நிற்போரே இதனை வினவுகின்றனர் ஆகையால், இதனை எளிதாகத் தட்டிக்கழித்தல் முறையன்று. விடை கூறுமுன் வேறு இரு வினாக்களை எழுப்புதல் வேண்டும். தான் கண்டறியாத ஒரு பாடசாலையிற் கற்ற மாணவனை, கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகம் ஒரு தாளின் மீது வைத்த நம்பிக்கையினால் ஏற்றுக்கொள்கின்றதே, அந்த நம்பிக்கை எவ்வாறு பிறக்கின்றது? அதனைப் பெறுவதற்கு மாணவனும் அவன் பாடசாலையும் கொடுக்கும் விலை யாது? இவ்விரண்டையும் ஆராயின் முதல் வினாவிற்கு விடை தானே தோன்றும்.

பிறநாட்டுப் பரீட்சை நமக்குப் புதியதன்று. 1857 ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபொழுது, அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த இருவரும் யாழ்ப்பாணத்தவர். வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஒருவர், கரோல் விசுவநாதபிள்ளை மற்றவர். பின்னர்க் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளுக்கும் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் மாணவரை ஆயத்தஞ் செய்தன. இங்கிலாந்திலோ 1858 ஆம் ஆண்டு இரு வகையிற் சிறப்புடையது. அவ்வாண்டிலேயே கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் தன் மதிலுக்கு வெளியேயுள்ள பாடசாலைகளின் மாணவருக்கென உள்ளூர்ப் பரீட்சைகளைத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே இலண்டன் பல்கலைக்கழகமும், எவ்விடத்துக் கற்றவராயினும் பிரவேசப் பரீட்சையிலும் பட்டப் பரீட்சையிலும் சித்தியெய்தின் பட்டம் பெறலாம் என விதி செய்தது. மாணவன் கல்விச்சாலையைத் தேடிச் சென்ற நிலை மாறி, பரீட்சை மாணவனைத் தேடி வரும் நிலை அன்றே உண்டாயிற்று.

1860-களில் திரினிடாட் தீவுக்குச் சென்ற கேம்பிறிட்ஜ் பரீட்சை, 1880 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தது. கனிஷ்ட பரீட்சை என்றும், சிரேஷ்ட பரீட்சை என்றும் அதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். வினாத்தாள் முத்திரையிட்ட உறையிற் கப்பலேறி வரும். விடைத்தாள் கட்டப்பட்டுக் கப்பலேறிச் செல்லும். சில மாதங்களின் பின்னரே பெறுபேறு வரும். அக்காலத்தில் இந்த ஏற்பாட்டிற்குப் பெரியதொரு நன்மை இருந்தது. விடைத்தாளைத் திருத்துபவர் மாணவனின் ஊரை அறியார், குலத்தை அறியார், தந்தை முதலியாரா, தோட்டக்காரரா என்பதையும் அறியார். அவர் முன் இருப்பது ஒரு சுட்டெண் மாத்திரமே. பரிந்துரைக் கடிதங்களும் குடும்பப் பெயரும் கதவைத் திறந்த ஒரு நாட்டில், சுட்டெண் ஒன்றே கதவைத் திறக்கும் என்ற நிலை சிறிய மாற்றமன்று. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அரசாங்க உத்தியோகத்திற்கும், சட்டத்திற்கும், வைத்தியத்திற்கும் சென்ற வழி அதுவே.

விலையும் சிறியதன்று. வினாத்தாள் எங்கே எழுதப்படுகின்றதோ அங்கேயே பாடவிதானமும் எழுதப்படுகின்றது என்பது கல்வியுலகின் மாறா விதி. ஆகையால் இலங்கை மாணவன் ஆங்கில இலக்கியத்தையும் இங்கிலாந்தின் அரசர் வரிசையையும் மனனஞ் செய்தான். தன் ஊர்க் குளத்தை யார் கட்டினார் என்பதை அறியாதவனாய் வெளியேறினான். சைவப் பெரியார்கள் இந்துக் கல்லூரிகளை எழுப்பியமைக்கு இந்நிலையும் ஒரு காரணமாம். 1872 ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் ஒரு சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும், பிறநாட்டுப் பரீட்சைக்குப் பிள்ளையை ஆயத்தஞ் செய்தல் வேண்டும், அதே வேளையில் அவன் தன் சமயத்தையும் மொழியையும் இழத்தலாகாது என்ற எண்ணம் நிலைத்தது. இந்த இரட்டைக் கடமையே நம் கல்லூரிகளின் அடித்தளம்.

இக்குறையை உணர்ந்து குரல் எழுப்பியவருள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதன்மையானவர். அவர் தாமே கேம்பிறிட்ஜிற் கற்றவர். அவ்வாறிருந்தும், இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் எனும் இயக்கத்தை 1906 இல் முன்னின்று நடத்தினார். 1921 இற் பல்கலைக்கழகக் கல்லூரி பிறந்தது. அதுவும் இலண்டன் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1950-களிலும் 1960-களிலும் படிப்படியாகத் தாய்மொழியே போதனாமொழியாயிற்று. வினாத்தாள் நம் நாட்டிலே, நம் மொழியிலே எழுதப்படும் காலம் வந்தது.

ஆனால் சொந்த நாட்டுப் பரீட்சையும் நம்பிக்கையை இழத்தல் கூடும் என்பதை நாம் விரைவிலேயே கண்டோம். 1970-களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தல் புகுத்தப்பட்டது. தமிழ்மொழியிற் பரீட்சை எழுதியவருக்கு வேறொரு அளவுகோல் வைக்கப்பட்டபொழுது, சுட்டெண்ணுக்குப் பின்னால் மீண்டும் குலமும் மொழியும் தெரியலாயின. அக்காலத்திற் பலர் இலண்டன் உயர்தரப் பரீட்சையை மறுபடியும் நாடியமை வியப்பன்று. பத்திரத்தின் உயிர் நம்பிக்கையே. அது போயின் எஞ்சுவது தாள் மாத்திரமே.

நம்மவர் இவ்வாறு இடர்ப்பட்ட அதே நூற்றாண்டில், ஐரோப்பாவிலே ஒரு பாடசாலை அதே சிக்கலை வேறொரு பக்கத்திலிருந்து சந்தித்தது. முதலாம் உலகப் போரின் பின் எழுந்த சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழில் தாபனத்திலும் பணியாற்றப் பல நாட்டவர் ஜெனீவா நகரில் வந்து குடியேறினர். அவர்தம் பிள்ளைகளுக்கென 1924 ஆம் ஆண்டில் ஜெனீவா சர்வதேசப் பாடசாலை தோன்றியது. கீழ் வகுப்புகளில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து கற்றனர். மேல் வகுப்பை அடைந்ததும் அவர்களைப் பிரிக்க வேண்டியதாயிற்று. பிரான்சுக்குச் செல்பவன் பிரெஞ்சுப் பக்கலோரியாவிற்கும், சுவிற்சர்லாந்தில் தங்குபவன் சுவிஸ் நாட்டு முதிர்வுப் பரீட்சைக்கும், இங்கிலாந்துக்குச் செல்பவன் ஆங்கிலப் பரீட்சைக்கும், அமெரிக்காவுக்குச் செல்பவன் அந்நாட்டுக் கல்லூரிப் பிரவேசப் பரீட்சைக்கும் எனத் தனித்தனியே பயிற்றப்பட்டனர். ஒரே வரலாற்றை நான்கு ஆசிரியர் நான்கு விதமாகப் போதித்தனர். உலக ஒற்றுமைக்கென எழுந்த பாடசாலை, பரீட்சையின் பொருட்டுத் தன்னுள்ளேயே எல்லைக்கோடு வரைய நேர்ந்தது.

இதற்கு மாற்றுக் காணும் முயற்சி ஆசிரியரிடத்திலேயே பிறந்தது என்பது கருதத்தக்கது. 1951 இற் சர்வதேசப் பாடசாலைகளின் சங்கம் அமைந்தது. 1962 இல் ஜெனீவாவில் ஆசிரியர்கள் கூடி, சமூகக் கல்விக்குப் பொதுவான பாடத்திட்டம் இயலுமா என ஆராய்ந்தனர். 1963 இல் தற்கால வரலாற்றிற் பொதுப் பரீட்சை ஒன்று பரீட்சார்த்தமாக நடத்தப்பட்டது. பல நாட்டவரும் ஏற்கும் வரலாற்று வினாத்தாளைத் தயாரிப்பது எத்துணைக் கடினம் என்பதை ஊகித்துக்கொள்க. ஒருவரது வெற்றி மற்றவரது தோல்வியன்றோ. 1964 இற் பரீட்சைக் குழு ஒன்று உருவாயிற்று. 1968 இல் அது சர்வதேச பக்கலோரியா நிறுவனமாக ஜெனீவாவிற் பதிவு செய்யப்பட்டது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் கல்வித் துறைக்குத் தலைவராயிருந்த அலெக் பீற்றர்சன் அதன் முதற் பணிப்பாளர் நாயகமானார். ஆங்கிலப் பாடசாலைகளில் மாணவன் பதினாறு வயதிலேயே கலைப் பக்கமோ விஞ்ஞானப் பக்கமோ ஒதுங்கிவிடுவதை அவர் 1960 இலேயே கண்டித்தவர். 1970 இல் முறையான பரீட்சைகள் தொடங்கின. 1971 இல் வேல்ஸ் நாட்டின் அற்லாண்டிக் கல்லூரி தன் நாட்டு உயர்தரப் பரீட்சையை முற்றாகக் கைவிட்டு இதனை ஏற்றது. அது துணிவான செயலே. அப்பத்திரத்தை எத்தனை பல்கலைக்கழகங்கள் மதிக்கும் என்பது அன்று உறுதியாகாத காலம். நிறுவனத்தார் ஒவ்வொரு நாட்டின் வாயிலிலும் சென்று, தம் பாடத்திட்டத்தைக் காட்டி, நம்பிக்கையைச் சிறிது சிறிதாகத் திரட்டினர்.

இனி அதன் அமைப்பை நோக்குவோம். பதினாறு வயது முதற் பத்தொன்பது வயது வரையுள்ளோருக்கான ஈராண்டுப் படிப்பு இது. மாணவன் ஆறு பாடங்களைக் கற்றல் வேண்டும். தனக்கு நன்கு பயின்ற மொழியின் இலக்கியம், வேறொரு மொழி, வரலாறு பொருளியல் போன்ற மனிதரும் சமூகமும் பற்றிய பாடம், விஞ்ஞானம், கணிதம் என ஐந்து துறைகளும் இடம்பெறும். ஆறாவதாகக் கலையொன்றையோ, முற்கூறியவற்றுள் மற்றுமொன்றையோ தெரிவு செய்யலாம். பொதுவாக மூன்று பாடங்கள் உயர்நிலையில் 240 மணித்தியாலமும், ஏனைய மூன்றும் பொதுநிலையில் 150 மணித்தியாலமும் கற்பிக்கப்படுமாறு திட்டமிடப்பட்டுள்ளன. ஒவ்வொரு பாடத்துக்கும் உயர்ந்த புள்ளி 7. ஆறு பாடத்துக்கும் 42. மேலும் 3 புள்ளி வேறிரு பணிகளாற் கிடைக்கும். ஆக மொத்தம் 45. பத்திரம் பெறுவதற்கு வேறு நிபந்தனைகளோடு 24 புள்ளியேனும் வேண்டும். எஞ்சினியராக விரும்புபவனும் இலக்கியங் கற்றல் வேண்டும். கவிஞனாக விரும்புபவனும் கணிதங் கற்றல் வேண்டும் என்பது இதன் உட்கிடை.

அந்த மூன்று புள்ளியைத் தரும் பணிகளிலேயே இத்திட்டத்தின் தனிச்சிறப்பு உள்ளது. முதலாவது, மாணவன் தானே ஒரு வினாவைத் தெரிந்து, ஆராய்ந்து, 4000 சொல்லுக்கு மேற்படாது எழுதும் நீண்ட கட்டுரை. ஆசிரியர் வழிகாட்டுவார், எழுதுபவன் மாணவனே. இரண்டாவது, அறிவு எவ்வாறு அறிவாகின்றது என்பதை ஆராயும் பாடம். ஒரு கணித உண்மையை நாம் நம்புவதற்கும், ஒரு வரலாற்றுச் செய்தியை நம்புவதற்கும் காரணம் ஒன்றுதானா? கண்ணாற் கண்டது எப்பொழுதும் மெய்யா? நூல் கூறுவதை எவ்வளவில் ஏற்கலாம்? இவை அங்கு எழுப்பப்படும் வினாக்கள். சைவ சித்தாந்தம் பயின்றோருக்கு இது புதுமையாகத் தோன்றாது. காண்டல், கருதல், உரை என அளவைகளை முதலில் ஆராய்ந்து, பின்னரே பொருளுக்குச் செல்வது சிவஞானசித்தியார் காட்டும் நெறி. நம் முன்னோர் வகுத்த ஒழுங்கை நாம் சமயபாடப் பரீட்சைக்கு மனனஞ் செய்து விட்டுவிட்டோம்; பிறர் அத்தகைய விசாரணையைப் பாடசாலை முழுவதற்கும் பொதுவாக்கினர்.

இவ்விரண்டையுந் தவிர, ஆக்கம், உடற்பயிற்சி, சேவை என்ற மூன்றிலும் மாணவன் ஈராண்டும் ஈடுபடுதல் வேண்டும். இதற்குப் புள்ளியில்லை, ஆனால் இதனை நிறைவேற்றாதவனுக்குப் பத்திரமில்லை. வைத்தியசாலையிலோ, முதியோர் இல்லத்திலோ, தாழ்ந்த வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதிலோ அவன் தொண்டு செய்யலாம். செய்தபின் தான் கற்றது யாது எனச் சிந்தித்து எழுதுதலும் வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளிலேயே இப்படிப்பு நடைபெறுகின்றது. ஆயினும், தாய்மொழி இலக்கியத்தை மாணவன் கைவிடலாகாது என்பதில் இதனை அமைத்தோர் கருத்தாயிருந்தனர். தன் மொழியைக் கற்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலையிலும், பாடசாலையின் மேற்பார்வையோடு அம்மொழி இலக்கியத்தைத் தானே கற்றுப் பரீட்சை எழுத வழி வகுத்தனர். பழைய கேம்பிறிட்ஜ் பரீட்சைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இங்கே விளங்கும். நாட்டைக் கடப்பதற்கு உன் மொழியை வாயிலில் வைத்துவிட்டு வா என்றது பழைய முறை. அதனையும் எடுத்துக்கொண்டு வா என்கின்றது புதியது. நடைமுறையில் எத்தனை பெற்றோர் அவ்வழியைப் பயன்படுத்துகின்றனர் என்பது வேறு விடயம்.

நம்பிக்கை பிறக்கும் வகையையும் இங்குக் காணலாம். மாணவனின் புள்ளியில் ஒரு பகுதி அவனது சொந்த ஆசிரியரால் வழங்கப்படுகின்றது. ஆய்வுகூட வேலை போன்றவற்றை மூன்று மணித்தியாலப் பரீட்சையில் அளத்தல் இயலாதன்றோ. ஆனால் அவ்வாசிரியர் திருத்தியவற்றுட் சில மாதிரிகள் வெளியேயுள்ள பரீட்சகரிடஞ் செல்லும். ஆசிரியர் அதிகம் இரங்கினாரெனினும், அதிகங் கடுமை காட்டினாரெனினும், வகுப்பு முழுவதன் புள்ளியும் அதற்கேற்பத் திருத்தப்படும். எழுத்துப் பரீட்சையைத் திருத்தும் பரீட்சகருக்கும் காவல் உண்டு. பிரதம பரீட்சகர் முன்னரே புள்ளியிட்ட சில விடைத்தாள்கள், அடையாளமின்றி அவரது கட்டினுட் கலக்கப்படும். அவர் இடும் புள்ளி பெரிதும் விலகின் அவர் பணி நிறுத்தப்படும். திருத்துபவரையும் ஒருவர் திருத்துகின்றார் என்பதே இவ்வமைப்பின் முதுகெலும்பு.

இந்த முதுகெலும்பு முறிந்தால் யாது நேரும் என்பதை 2020 ஆம் ஆண்டு காட்டியது. பெருந்தொற்றின் காரணமாக அவ்வாண்டு மே மாதப் பக்கலோரியாப் பரீட்சைகள் கைவிடப்பட்டன. மாணவர் முன்னரே செய்து முடித்த வேலை, ஆசிரியர் எதிர்பார்த்த புள்ளி, பாடசாலையின் முந்திய பெறுபேறுகள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு கணக்கு முறையினாற் புள்ளி வழங்கப்பட்டது. பெறுபேறு வெளியானதும் பல நாடுகளிற் கண்டனம் எழுந்தது. ஆகஸ்ட் மாதத்தில் நிறுவனம் திருத்தஞ் செய்தது. இங்கிலாந்தின் உயர்தரப் பரீட்சையிலும் அதுவே நடந்தது. கணக்கு முறையாற் குறைக்கப்பட்ட புள்ளிகள், மாணவர் வீதியில் இறங்கிக் கிளர்ந்த பின்னர், ஆகஸ்ட் 17 ஆந் திகதி கைவிடப்பட்டு ஆசிரியர் மதிப்பீடே ஏற்கப்பட்டது. மாணவர் கேட்டது நியாயமான கேள்வி: "எனக்கு முன் இப்பாடசாலையிற் கற்றவர் பெற்ற புள்ளியால் என்னை அளப்பது எவ்வாறு முறையாகும்?" சுட்டெண்ணுக்குப் பின் நிற்பவன் யாரென நோக்காதிருத்தலே பரீட்சையின் அறம். அந்த அறம் பிறழ்ந்ததை அவர்கள் உடனே உணர்ந்தனர்.

பக்கலோரியாவைத் தவிர வேறு வழிகளும் உள. கேம்பிறிட்ஜும் இலண்டன் சார்ந்த பரீட்சைச் சபையும் நடத்தும் சர்வதேச உயர்தரப் பரீட்சைகளில் மாணவன் மூன்று நான்கு பாடங்களை மாத்திரம் ஆழ்ந்து கற்கின்றான். அமெரிக்காவில் 1950-களின் நடுவில் எழுந்த முன்னேறிய நிலைப் பரீட்சைகள் பாடத்துக்கு ஒன்றாக, 1 முதல் 5 வரை புள்ளியிடப்படுகின்றன. நல்ல புள்ளி பெற்றவனுக்குப் பல்கலைக்கழகங்கள் பல முதலாண்டுப் பாடத்தைக் கழித்து விடுகின்றன. ஐரோப்பியப் பாடசாலைகளுள் முதலாவது 1953 இல் லக்சம்பேர்க்கில் தொடங்கியது. 1959 முதல் வழங்கப்படும் ஐரோப்பிய பக்கலோரியா, அரசுகள் தம்முட் செய்த உடன்படிக்கையினால் ஏற்கப்படுவது. ஆழம் வேண்டுவோருக்கு உயர்தரம். அகலம் வேண்டுவோருக்குப் பக்கலோரியா எனச் சுருங்கக் கூறலாம்.

இனிப் பெற்றோரின் வினாவிற்கு வருவோம். எந்தப் பத்திரம் எல்லா நாட்டிலும் செல்லும்? எப்பத்திரமும் தன்னளவில் எங்குஞ் செல்லாது என்பதே உண்மையான விடை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தான் வேண்டும் பாடத்தையும் புள்ளியையும் தானே வகுக்கின்றது. வைத்தியங் கற்க விரும்புபவன் இரசாயனத்தை விட்டுவிட்டு 40 புள்ளி பெற்றும் பயனில்லை. ஆதலின் முதலில் துறையையும் நாட்டையும் தெரிந்து, அங்குள்ள விதியைப் படித்து, பின்னரே பரீட்சையைத் தெரிவு செய்தல் அறிவுடைமை. மற்றுமொன்றை மறத்தலாகாது. நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் இடங்களிற் பெரும்பாலானவை நம் நாட்டு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. பிறநாட்டுப் பரீட்சைக்குப் பிள்ளையை மாற்றுபவர், கட்டணமில்லாத அந்த வாயிலைப் பெரும்பாலும் தம் கையாலேயே மூடுகின்றனர். நம் உயர்தரப் பத்திரத்தையோ பிறநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல ஏற்கின்றன. நம் பழைய மாணவர் எத்தனையோ பேர் அதனைக் கொண்டே சென்றனர். வசதி படைத்தவர் எப்பரீட்சைக்கும் பிள்ளையை விடலாம். காணியை ஈடு வைக்க எண்ணுபவர் இவற்றை நன்கு கணித்தபின் வைக்கட்டும்.

ஆனால் நம் கல்லூரி இவ்விடயத்திற் கற்க வேண்டியது பத்திரத்தை அன்று; அதனுட் பொதிந்த பயிற்சியை. நம் உயர்தர மாணவன் கடினமாக உழைக்கின்றான் என்பதில் ஐயமில்லை. காலையிற் கல்லூரி, மாலையில் தனியார் வகுப்பு, இரவிற் கடந்தகால வினாத்தாள். ஆனால் ஈராண்டில் ஒரு முறையேனும் அவன் தானே ஒரு வினாவை எழுப்பினானா? பிறர் எழுப்பிய வினாவிற்கு விடையிறுப்பதிலேயே அவன் இளமை கழிகின்றது. பிறநாட்டுப் பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் நம் மாணவன் முதலாண்டில் திணறுவது கணிதத்தில் அன்று. "நீ எதனை ஆராய விரும்புகின்றாய்?" என்று பேராசிரியர் கேட்கும்பொழுதே அவன் திகைக்கின்றான்.

ஆகையால் இவ்விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் சங்கத்தார் முன் ஒரு சிறு யோசனையை வைக்கின்றோம். பரீட்சை முடிந்து பெறுபேற்றை எதிர்நோக்கி மாணவர் வாளாவிருக்கும் மாதங்கள் சில உண்டு. அக்காலத்தில் விரும்பிய மாணவன் ஒவ்வொருவனும் தமிழில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதட்டும். நம் கிணற்று நீர் ஏன் உவர்க்கின்றது? உரம் இட்ட தோட்டத்தருகே கிணற்று நீரில் நைத்திரேற்று எவ்வளவு? ஊர்க் கோயிலின் கல்வெட்டு யாது கூறுகின்றது? பாட்டனார் காலத்துப் புகையிலை வாணிகம் எவ்வாறு நடந்தது? இவை எந்த வினாத்தாளிலும் வாரா. ஆனால் இவற்றை ஆராய்பவன் பல்கலைக்கழகத்தின் வேலையைத் தொடங்கிவிட்டவன். எஞ்சினியராயும், வைத்தியராயும், ஆசிரியராயும் உலகெங்கும் பரந்து வாழும் நம் பழைய மாணவருள் ஒருவர் ஒரு மாணவனுக்கு வழிகாட்டட்டும். இதற்குக் கட்டிடம் வேண்டா; கட்டணம் வேண்டா; வெளிநாட்டுப் பதிவும் வேண்டா. திங்களிற் சில மணித்தியாலமே வேண்டும். முடிந்த கட்டுரைகள் கல்லூரி நூலகத்தில் வைக்கப்படின், பின்வரும் மாணவன் அவற்றைப் படித்து, குறை கண்டு, மேலும் ஒரு படி செல்வான்.

தாமோதரம்பிள்ளையை முன்னே குறிப்பிட்டோம். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு வழங்கிய பட்டம் அவரை உயர்ந்த உத்தியோகங்களுக்கு இட்டுச் சென்றது. அவ்வளவில் நின்றிருப்பின் இன்று அவர் பெயரை அறிவார் இலர். ஆனால் அவர் செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரிந்தார்; பாடங்களை ஒப்புநோக்கினார்; 1887 இற் கலித்தொகையை அச்சிட்டார். எந்தப் பரீட்சகரும் அவரிடம் அதனைக் கேட்கவில்லை. பிறர் மொழியிற் பெற்ற பயிற்சியைத் தம் மொழியின் பொருட்டுத் தாமே எழுப்பிய வினாவிற் செலுத்தினார். நமது கல்லூரியினின்றும் நாடு கடந்து செல்லும் பிள்ளைகள் எந்தப் பத்திரத்தைக் கொண்டு சென்றாலும், அத்தகைய ஒரு வினாவையும் உடன் கொண்டு செல்லுமாறு செய்வோமாயின், இவ்விழாவின் பயனை நாம் பெற்றவராவோம்.